செங்கல்பட்டில் ஒன்பது நிமிடம்

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே மின்சார ரயிலில் போய்வருகிறவராக நீங்கள் இருந்தால், தபீதாள் ஓட்டிய வண்டியில் ஒரு நாளாவது உட்கார்ந்திருப்பீர்கள். முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டி ஓட்டுகிறவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? வண்டி நேரத்துக்கு வந்தால் அப்படி ஒருவர் இருப்பதே நமக்குத் தெரியாது. பத்து நிமிடம் தாமதமானால்தான் நினைப்பு வரும், அதுவும் திட்டுவதற்கு.

தபீதாளுக்கு வயது முப்பத்தெட்டு. பம்மலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்து, ரயில்வே பரீட்சை எழுதி, ஜோலார்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டிகளில் உதவி டிரைவராக ஆறு வருஷம் அலைந்து, அப்புறம் மின்சார ரயிலுக்கு வந்து சேர்ந்தாள். வேலைக்குப் பெயர் மோட்டர்மேன். "உங்களை மோட்டர்வுமன்னு சொல்லணுமா மேடம்?" என்று யாராவது கேட்டால், "ரெஜிஸ்டர்ல மேன்னுதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரிப்பாள். இரும்புலியூரில் வீடு. கணவன் ஷெர்வினுக்குக் குரோம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. மகள் ஜெரூஷா இந்தக் கதை தொடங்கும்போது ஐந்தாம் வகுப்பு.

தாம்பரம் லாபியில், அதாவது டிரைவர்களும் கார்டுகளும் வேலைக்குக் கையெழுத்துப் போடும் ஹாலில், தபீதாளின் கண் பேர்போனது. வளைவில் பாதி மறைந்திருக்கும் சிக்னலை மற்றவர்களுக்கு முன்னால் பார்த்துவிடுவாள். பிளாட்பாரத்தில் வண்டி நிற்க வேண்டிய பலகைக்கு நேராக, ஒரு அடி முன்னே பின்னே இல்லாமல் நிறுத்துவாள். மோட்டர்மேனின் வேலையே பார்ப்பதுதான். ஒவ்வொரு சிக்னலையும் கண்ணால் பார்த்து, கையால் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேபினில் தனியாக இருந்தாலும் சொல்ல வேண்டும். தபீதாள் அதை ஒரு நாளும் விட்டதில்லை. அந்தக் கண்தான் பிற்பாடு அவளுக்கு எதிரியாகிப்போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு இருபது. கூடுவாஞ்சேரி தாண்டிப் பொத்தேரியை நோக்கி வண்டி எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வழியில் மதில் சுவரை யாரோ இடித்துச் சந்து மாதிரி ஆக்கி வைத்திருந்த ஓர் இடம் உண்டு. அந்தச் சந்து வழியாக ஓர் இளைஞன் தண்டவாளத்துக்குள் வந்தான். முதுகில் பை. காதில் இயர்போன். தபீதாள் ஹாரனை அழுத்தினாள். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டாள். பன்னிரண்டு பெட்டி வண்டி நினைத்த இடத்தில் நிற்காது, அதற்கு நானூறு மீட்டராவது வேண்டும். கடைசி நொடியில் அவன் திரும்பிப் பார்த்தான். பயந்த முகமாக இல்லை. வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்த முகமாக இருந்தது.

வண்டி நின்ற பிறகு பின்கோடியிலிருந்து கார்டு பூவராகன் இறங்கி ஓடினார். கோவளம் பக்கத்து மீனவக் குடும்பம், இருபத்தைந்து வருஷ சர்வீஸ், எதையும் உரக்கப் பேசுகிற மனிதர். அன்றைக்குக் குரலே எழும்பாமல் வந்து கேபினுக்குக் கீழே நின்றார்.

"மேடம், இறங்காதீங்க. பாக்கவும் வேணாம். நான் பாத்துட்டேன். மெமோ எழுதிகினு கீறேன்."

"உயிர் இருக்கா அண்ணா?"

பூவராகன் கையில் இருந்த காகிதத்தை மடித்தார். அதில் 'ஆண், வயது சுமார் இருபது' என்று எழுதியிருந்தது. பெயர் என்ற இடம் காலியாக இருந்தது.

மாற்று டிரைவர் வர வழியில்லை. வேண்டிய காரியங்கள் முடிந்ததும் மீதித் தூரத்தைத் தபீதாளே ஓட்டினாள். பொத்தேரியில் ஒரு பெண் கேபின் ஜன்னலைத் தட்டி, "இவ்வளவு நேரம் நிறுத்தினா எப்படிங்க? எனக்கு எக்ஸாம் இருக்கு" என்றாள். தபீதாள் "சாரிம்மா" என்றாள். செங்கல்பட்டில் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

பன்னிரண்டு நாள் ஓய்வு கொடுத்தார்கள். வீட்டில் இருந்தது வண்டி ஓட்டியதைவிட மோசம். ஜெரூஷா பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப் பையைத் தரையில் 'தொப்'பென்று போட்டால் தபீதாள் சமையலறையில் துள்ளி விழுவாள். சில நாளில் அந்தக் குழந்தை, யாரும் சொல்லாமலே, பையை மெல்லக் கீழே வைக்கப் பழகிக்கொண்டது. அதைக் கவனித்தபோது தபீதாளுக்கு இன்னும் அழுகை வந்தது.

ரயில்வே ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனைக்கு அனுப்பினார்கள். அங்கே மாளவிகா என்று ஒரு பெண். தபீதாளைவிட வயதில் சின்னவள்.

"கண்ணை மூடிக்குங்க. மூச்சை மெதுவா உள்ள இழுங்க. மனசுக்குள்ள நாலு எண்ணுங்க."

இரண்டு எண்ணுவதற்குள் தபீதாள் கண்ணைத் திறந்துவிட்டாள். இன்னொரு தடவை. அப்போதும் அப்படியே.

"மூடினா அவன் திரும்பிப் பாக்கறான் மேடம்."

மாளவிகா கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தாள். 

"அப்ப மூட வேணாம். திறந்தே வெச்சுக்குங்க. உங்க வேலையே பாக்கறதுதானே? தினம் எதையாவது நின்னு பாருங்க. மரம், குருவி, எறும்பு, எதுவா இருந்தாலும் சரி. பாத்ததை ஒரு நோட்டுல எழுதுங்க. முடிஞ்சா வரைங்க."

"எனக்கு வரைய வராது."

"வராட்டி இன்னும் நல்லது. நிறைய நேரம் பாக்க வேண்டியிருக்கும்."

"இதுல சரியாகிடுமா?"

"தெரியலை. செஞ்சு பாருங்க. ரெண்டு வாரம் கழிச்சு நோட்டோட வாங்க."

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் 'தெரியலை' என்று சொல்லி தபீதாள் அதுவரை கேட்டதில்லை. அதனாலேயே அந்தப் பெண்ணை நம்பினாள்.

நோட்டு வாங்கக் கடைக்குப் போகவில்லை. ஜெரூஷாவின் நாலாம் வகுப்பு சயின்ஸ் நோட்டு பாதி மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் கோடு போட்டது, எதிர்ப்பக்கம் படம் வரைய வெள்ளைத் தாள். மகள் வரைந்து வண்ணமடித்த 'தாவரத்தின் பாகங்கள்' படத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பி, மேலே தேதியைப் போட்டு வைத்தாள். அன்றைக்கு அதற்கு மேல் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

பதின்மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். முதல் சில நடைகளுக்கு லோகோ இன்ஸ்பெக்டர் கூடவே கேபினில் நின்றார். ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார். குறை இருந்த இடம் அவருக்குத் தெரியாது. கூடுவாஞ்சேரி தாண்டியதும் தபீதாளின் உள்ளங்கை வேர்த்துவிடும். வழியில் நிற்கிற ஒவ்வொருவரையும் கண் துழாவும். மதிலோரம் ஒதுங்கி நிற்கும் ஆள், குப்பை பொறுக்கும் பெண், வேலிக் கம்பியில் மாட்டிப் பறக்கும் துணி என்று எல்லாமே தண்டவாளத்துக்குள் வரப்போகிறவை மாதிரி தெரியும். பொத்தேரி வந்ததும் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொள்வாள்.

ஷெர்வின் ஒரு விண்ணப்பம் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். டிரைவர் வேலையிலிருந்து ஆபீஸ் வேலைக்கு மாற்றக் கேட்கும் கடிதம். "யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க தபீ. கையெழுத்து மட்டும் போடு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவள் அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் வண்டி வந்து நின்று திரும்பப் புறப்படப் பதினைந்து நிமிடம் ஆகும். வந்தபோது முன்பக்கமாக இருந்த கேபின் இப்போது பின்பக்கம். அதனால் மோட்டர்மேனும் கார்டும் இடம் மாற வேண்டும். தபீதாள் தெற்குக் கோடியிலிருந்து வடக்கே நடப்பாள், பூவராகன் வடக்கிலிருந்து தெற்கே வருவார். நடுவில் எதிர்ப்பட்டு ஒரு தலையசைப்பு. வடக்குக் கோடிக்குப் போய், கேபினைத் திறந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தால் கையில் ஒன்பது நிமிடம் மிஞ்சும். அந்தக் கோடியில் நின்றால் கொளவாய் ஏரி தெரியும். எத்தனையோ வருஷமாக அந்த ஒன்பது நிமிடத்தில் தபீதாள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் முதல் முறை நோட்டைத் திறந்தாள்.

'காலை 8.57. வெயில். காத்து இல்லை. வெள்ளைப் பறவை ஒண்ணு. தண்ணிக்குள்ள நிக்குது.'

'8.59. இன்னும் நிக்குது.'

'9.02. நிக்குது. நான்தான் ரெண்டு தடவை கால் மாத்திட்டேன்.'

எதிர்ப்பக்கம் படம் போட்டாள். அன்று மாலை லாபியில் பூவராகன் அதை எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, தண்ணிக் குழாயா?"

"கொக்கு அண்ணா."

"கொக்கா? காலு எங்க?"

"தண்ணிக்குள்ள இருக்கு. தெரியலை. தெரியாததை எப்படி வரையறது?"

பூவராகன் சத்தமாகச் சிரித்தார். அந்த விபத்துக்குப் பிறகு அவரும் அப்போதுதான் முதல் முறை அப்படிச் சிரித்தார் என்று தபீதாளுக்குத் தோன்றியது. மெமோ எழுதியவர் அவர் அல்லவா? அவர் என்ன பார்த்தார் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

லாபியில் கிண்டல் கிளம்பியது. 'பறவை டீச்சர்' என்றார்கள். ஒருவர் ஒரு பொட்டலம் கடலையைக் கொண்டுவந்து, "உங்க கொக்குக்கு" என்று மேஜையில் வைத்தார். தபீதாள் கடலையைத் தின்றுவிட்டு, "கொக்கு மீன்தான் சாப்பிடும் சார், நாளைக்கு வஞ்சிரமா கொண்டாங்க" என்றாள். அதோடு அந்தக் கிண்டல் பாதியாகக் குறைந்தது.

அவளுக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன, எல்லாம் அவளாகப் போட்டுக்கொண்டவை. வண்டி ஓடும்போது நோட்டு பைக்குள், பையில் ஜிப் போட்டிருக்கும். கேபினில் சிக்னல், தண்டவாளம், வேறெதுவும் கிடையாது. போனில் படம் எடுக்கக் கூடாது. படம் எடுத்தால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண் சோம்பேறியாகிவிடுகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. பெயர் தெரியாவிட்டால் தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. பக்கத்தின் அடியில் தெரியாததை ஒரு கேள்வியாக எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதிய கேள்விகளைப் படித்தால் சிரிப்பு வரும். 'இந்தக் குட்டி வாத்து முழுகினா எங்கே எழும்பும்னு அதுக்காவது தெரியுமா?' 'கறுப்புப் பறவை றெக்கையை விரிச்சு வெச்சுக்கிட்டு யாருக்காகக் காத்திருக்கு?'

குட்டி வாத்து வாத்தே இல்லை, அதற்கு முக்குளிப்பான் என்று பெயர் என்பது நூலகத்தில் எடுத்த ஒரு பறவைப் புத்தகத்திலிருந்து மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. றெக்கை விரிக்கும் கறுப்புப் பறவையைப் பற்றிப் பூவராகன் சொன்னார். "நீர்க்காக்கா மேடம். முழுகி முழுகி மீன் புடிக்குதுல்ல, றெக்கை நனைஞ்சு பூடும். காய வெச்சிகினு கீது. எங்க ஊருல நாங்க வலை காய வைக்கிற மாதிரி." தபீதாள் அதை அவர் சொன்னபடியே எழுதி, பக்கத்தில் 'பூவராகன் அண்ணன் சொன்னது' என்றும் குறித்தாள்.

சித்திரை வெயிலில் ஏரி சுருங்கி, கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்ததை அவள் நாள் தவறாமல் வரைந்திருக்கிறாள். ஒரு வெடிப்பு நாலு நாளில் எவ்வளவு நீண்டது என்று பிளாட்பாரத்தில் நின்றபடியே கண்ணால் அளந்திருக்கிறாள். முக்குளிப்பான் தண்ணீருக்குள் எத்தனை எண்ணிக்கை இருக்கிறது என்று எண்ணுவாள். பதினெட்டு, இருபத்திரண்டு, ஒரு முறை முப்பத்தொன்று. அப்படி எண்ணும்போது தன் மூச்சும் தானாக மெதுவாகி விடுவதை ஜூன் மாதத்தில் ஒரு நாள் கவனித்தாள். மாளவிகாவிடம் சொன்னாள்: "நீங்க எண்ணச் சொன்னப்போ வரலை மேடம். அதுக்கு எண்ணும்போது எனக்கும் வந்துடுது." மாளவிகா நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். வழக்கமான மருத்துவப் பரிசோதனையில், விபத்துக்குப் பிறகு ஏறியிருந்த ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான்.

ஆனால் கூடுவாஞ்சேரிக்கும் பொத்தேரிக்கும் நடுவே மட்டும் ஒன்றும் மாறவில்லை. அந்த இடம் வருவதற்கு முன்பே கண் சிக்னலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இடது பக்கம் மதிலோரம் ஒரு பேனர் கட்டியிருப்பது ஓரக்கண்ணில் தெரியும். எட்டு மாதமாக அதை அவள் நேராகப் பார்த்ததில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை காலை, கூடுவாஞ்சேரியிலிருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் சிக்னல் சிவப்பாகியது. தபீதாள் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தினாள். வாக்கி டாக்கியில் பூவராகனின் குரல் வந்தது.

"மேடம், முன்னாடி தண்டவாளத்துல தண்ணி ஏறிடுச்சாம். சொல்ற வரைக்கும் நிக்கச் சொல்றாங்கோ."

"சரி அண்ணா."

 பிறகு அவரே மறுபடியும் பேசினார். "மேடம், எங்க நிக்கிறோம்னு தெரியுதா?"

தெரிந்தது. கேபினின் இடப்பக்க ஜன்னலுக்கு நேரே மதில், மதிலில் அந்தச் சந்து, அதன் பக்கத்தில் அந்தப் பேனர்.

"தெரியுது."

"நான் வேணா அங்க வரட்டுமா?"

"வேணாம் அண்ணா. நீங்க உங்க இடத்துல இருங்க. நான் பார்த்துக்கறேன்."

சிக்னல் சிவப்பாகவே இருந்தது. கண்ணை மூட முடியாது, வேலையில் இருக்கிறாள். நகர முடியாது.  சிக்னலைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மறுபடி சிக்னல். எட்டு மாதமாக ஏரிக்கரையில் செய்து வந்ததை அவளை அறியாமலே வாய் செய்ய ஆரம்பித்தது.

"மழை. சாரல் இடது பக்கத்திலேர்ந்து."

"சந்து வழியா செம்மண் தண்ணி வருது. ஒரு தேங்கா மட்டை மாட்டியிருக்கு."

"எருக்கஞ்செடி. ஆள் உயரம். பூ இருக்கு, ஊதா. மொட்டும் இருக்கு. இலை மேல தண்ணி ஒட்டலை. உருண்டு ஓடுது."

ஓர் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ தொங்கியது. காய்ந்த இலை என்று நினைத்தாள். அது மெல்ல விரிந்து மூடியபோது வண்ணத்துப்பூச்சி என்று தெரிந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்தது. மழை கொஞ்சம் விட்டதும் மதிலடி மண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது. முதலில் நாலைந்து, பிறகு புகை மாதிரி. மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்த இரட்டைவால் குருவி, உடம்பெல்லாம் நனைந்து பாதியாய் இளைத்துப்போன தோற்றத்தோடு, பாய்ந்து ஒன்றைப் பிடித்துத் திரும்பி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. மறுபடி பாய்ந்தது. மைனாக்கள் வந்தன, காக்கைகள் வந்தன. இத்தனை நாள் அவள் பார்க்காமல் கடந்துபோன அந்தப் பத்தடி நிலத்தில் காலைச் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

பிறகு பேனரைப் பார்த்தாள். நண்பர்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலி. வெயிலும் மழையும் தின்று முகம் வெளிறிப்போயிருந்தது. மூக்கும் வாயும் அழிந்து, நெற்றியும் தலைமுடியும்தான் மிஞ்சியிருந்தன. அடியில் எழுத்து மட்டும் அழியவில்லை.

"மோகன்ராஜ்," என்று வாசித்தாள். மற்றதைச் சொன்ன அதே குரலில்தான் தொடங்கினாள், பாதியில் உடைந்தது. அழுதாள். அழுதுகொண்டே சிக்னலைப் பார்த்தாள். இருபத்தாறு நிமிடம் வண்டி அங்கே நின்றது. சிக்னல் மஞ்சளாக மாறியபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை நீட்டிக் காட்டி, "எல்லோ" என்று சொல்லி, வண்டியை மெதுவாக எடுத்தாள்.

அன்று செங்கல்பட்டில் எந்த வண்டியும் நேரத்துக்குப் புறப்படவில்லை. ஒன்பது நிமிடத்துக்குப் பதிலாக ஐம்பது நிமிடம் கிடைத்தது. தபீதாள் ஏரிப் பக்கம் திரும்பாமல் பெஞ்சில் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். எருக்கு, வண்ணத்துப்பூச்சி, ஈசல், இரட்டைவால் குருவி, தேங்காய் மட்டை என்று வரிசையாக எல்லாம் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: 'மோகன்ராஜ். வயது 20. சிரிச்ச போட்டோவா இருந்திருக்கணும்.' படம் போடும் பக்கத்தில் அவன் முகத்தை வரைய முயற்சிக்கவில்லை. அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டிருக்கிறாள்.

பூவராகன் நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு டீ வாங்கி வந்திருந்தார். நோட்டை அவளே அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். படித்துவிட்டு, தான் அன்று மார்ச் மாதத்தில் கீழே இறங்கிப் பார்த்ததை, முதல் முறையாக, மெதுவாகச் சொன்னார். அதைத் தபீதாள் யாரிடமும் சொன்னதில்லை, நோட்டிலும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மாயம் போல மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு மாதம் வரை அந்த இடத்தில் கை வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே இப்போது பார்க்க வேறு விஷயங்களும் இருந்தன. எருக்கு காய்த்துவிட்டதா என்று ஒரு கண் தேடும், தேடி முடிப்பதற்குள் வண்டி கடந்துபோயிருக்கும். பிப்ரவரியில் ஒரு நாள் பொத்தேரி பிளாட்பாரத்தில் வண்டி நின்ற பிறகுதான், கைக்குட்டையை எடுக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் ஷெர்வின் கொடுத்த விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தாள்.

"இது வேணாம் ஷெர்வின். நான் ஓட்டறேன்."

ஷெர்வின் அவள் முகத்தைப் பார்த்தான். "நிஜமாவா?"

"நிஜமா. பயம் போயிடுச்சுன்னு சொல்லலை. அது ஒரு பக்கம் இருக்கு. மத்ததும் இருக்கு."

அவன் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, "இதோட பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, வரையறதுக்கு ஆகும்" என்றான். அந்த வீட்டில் அன்று நல்ல சாப்பாடு.

இன்றைக்கு அவளிடம் ஆறு நோட்டு இருக்கிறது. படம் இன்னும் மோசம்தான். ஜெரூஷா எந்தத் தயவும் இல்லாமல் மார்க் போடுகிறாள், பத்துக்கு நாலுக்கு மேல் போனதில்லை. தபீதாள் முன்னைப் போலவே வீட்டில் கத்துகிறாள், வீட்டுப்பாடம் முடிக்காவிட்டால் கோபப்படுகிறாள். அவளைப் பெரிய ஞானி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் ஒரு மனுஷி, தன்னைக் குத்திக்கொண்டிருந்த கண்ணைக் கொண்டே தன்னை மீட்டுக்கொண்டாள். வேலையையும் விடவில்லை, இறந்தவனையும் மறக்கவில்லை. அதை நினைக்கும்போது அவளை அறிந்தவர்களுக்கு மனதுக்குள் ஒரு மரியாதை வருகிறது. கடலை கொண்டுவந்து வைத்தவர்கூட இப்போது கிண்டல் செய்வதில்லை.

போன ஜூன் மாதம் ஹரிபிரசாத் என்கிற மோட்டர்மேனுக்கு இதே போல நடந்தது. முப்பது வயது, ஜிம்முக்குப் போய் ஏற்றிய உடம்பு, லாபியில் எப்போதும் ஒரு சத்தம். ஓய்வு முடிந்து திரும்பி வந்தவன் யாரோடும் பேசவில்லை. ஒரு நாள் செங்கல்பட்டில் அவனுடைய வண்டியும் தபீதாளின் வண்டியும் பக்கத்துப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் நின்றன. அவள் போய் அவன் பக்கத்தில் நின்றாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"ஹரி, அங்க என்ன தெரியுது?"

"ஏரிக்கா."

"ஏரியில?"

"தண்ணி."

"தண்ணியில?"

அவனுக்கு எரிச்சல் வந்தது. "இன்னாக்கா, சின்னப் பையன் கிட்ட கேக்கற மாதிரி கேக்கற?" என்றான். ஆனாலும் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏதோ பெருசா நாலு மிதக்குது. கட்டில் மாதிரி" என்றான்.

"கூழைக்கடாப் பறவை. நாலா, அஞ்சா?"

அவன் நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு எண்ணினான். "அஞ்சு. ஒண்ணு பின்னாடி மறைஞ்சு கீது." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "உனக்குப் போயிடுச்சாக்கா?"

"இல்ல ஹரி. போகலை. ஆனா அது மட்டும்தான்னு இருந்துச்சு பாரு, அது போயிடுச்சு."

பையிலிருந்து ஜெரூஷாவின் பாதி எழுதாத பழைய சயின்ஸ் நோட்டு ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, வண்டி நேரம் ஆகிவிட்டதால் போய்விட்டாள். அவன் வாங்கி வைத்துக்கொண்டானா, குப்பைத் தொட்டியில் போட்டானா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் போனில் ஒரு படம் வந்தது. நோட்டின் வெள்ளைப் பக்கத்தில் கோணல் மாணலாக ஒரு செடி. கூடவே: 'அக்கா, என்னைப் பீச் ஸ்டேஷன் நடைக்கு மாத்திட்டாங்க. இங்க ஏரி எதுவும் இல்ல. பிளாட்பாரம் சுவத்து வெடிப்புல ஒரு அரசஞ்செடி கீது. எட்டு இலை.'

தபீதாள் பதில் போட்டாள்: 'போன வாரம் எத்தனை?'

'பாக்கலையே.'

'சரி. அடுத்த வாரம் சொல்லு.'

அடுத்த வாரம் அவள் ஞாபகப்படுத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதுவாகவே வந்தது. 'ஒன்பது. ஒன்பதாவது இன்னும் சுருண்டுகினு கீது, சிவப்பா. அதை எண்ணலாமா அக்கா?'